பந்தை ஓங்கி அடிக்கும் பிள்ளை

அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழ்ந்ததும் வன்னியின் பாடசாலை மைதானங்களிலும் குளக்கட்டை அண்டிய வெளிகளிலும் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். முல்லைத்தீவானாலும் கிளிநொச்சியானாலும் வவுனியாவானாலும் காட்சி ஒன்றுதான். ஒரு பக்கம் கிரிக்கெட், இன்னொரு பக்கம் எல்லே.

எல்லே நமது நாட்டுக்கே உரிய விளையாட்டு. அமெரிக்கர்கள் உயிராக மதிக்கும் பேஸ்போல் விளையாட்டுக்கு இதனை நெருங்கிய உறவு என்று சொல்லலாம். உறுதியான மூங்கில் பொல்லு ஒன்றும் டெனிஸ் பந்து ஒன்றும் இருந்தால் போதும். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள். அடித்ததும் ஓட வேண்டும். சுற்றி வரும் பாதையில் மூன்று தரிப்பிடங்கள் இருக்கும். பந்து நிலத்தில் படுமுன் பிடிக்கப்பட்டாலோ, ஓடும்போது பந்து மேலே எறிபட்டாலோ ஆட்டம் போய்விடும். முழுச் சுற்றையும் ஓடி முடித்தால்தான் ஓர் ஓட்டம் கணக்கில் சேரும்.

இந்தப் பிள்ளைகளுக்குள் எப்போதும் ஒருவன் இருப்பான். அவன் பொல்லைக் கையில் எடுத்ததும் எதிரணிப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பத்தடி பின்னால் போய் நிற்பார்கள். அவன் அடிக்கும் பந்து வேலியைத் தாண்டி, வீதியைத் தாண்டிப் போகும். பழக்கிய ஆசிரியருக்கே அவனுக்கு அது எப்படி வருகிறது என்று விளங்காது. சில இடங்களில் அந்த ஒருவன் ஒருத்தியாகவும் இருப்பாள்.

அந்தப் பிள்ளை வியர்வையோடு வீட்டுக்குத் திரும்பியதும் அங்கே என்ன நடக்கிறது? இதைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

சில வீடுகளில், "பொல்லும் பந்தும் நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டுப் பொல்லைப் பிடுங்கி அடுப்படியில் போட்டுவிடுகிறோம். வேறு சில வீடுகளிலோ, "என்ட மகன் நாட்டுக்கு விளையாடுவான், எங்கட கஷ்டமெல்லாம் அதோட தீரும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம். இவை ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே. பிள்ளையின் திறமையை நம்முடைய சொத்தாக எண்ணிவிடுகிறோம். ஒருவர் அதைப் பயனற்ற சொத்து என்று ஒதுக்குகிறார். மற்றவர் விலைபோகும் சொத்து என்று கொண்டாடுகிறார். அது அல்லாஹ் அந்தப் பிள்ளையிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதும், பிள்ளையே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதும் இருவருக்கும் மறந்துபோகின்றன.

கதையில் வரும் பையன்

அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் விளையாட்டுக் கதைகளுக்குப் பேர்பெற்றவர் மெட் கிறிஸ்டோபர் (1917-1997). இளமையில் தாமே பேஸ்போல் ஆடியவர். சிறுவர்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றுள் 1972ஆம் ஆண்டு வெளிவந்த 'த கிட் ஹூ ஒன்லி ஹிட் ஹோமர்ஸ்' என்ற நாவல் இன்றும் படிக்கப்படுகிறது. அடித்தால் 'ஹோம் ரன்' மட்டுமே அடிக்கும் பையனின் கதை அது. ஹோம் ரன் என்பது நான்கு தளங்களையும் ஒரே அடியில் சுற்றி வந்துவிடும்படியான அடி. பெரும்பாலும் பந்து மைதானத்தைத் தாண்டியே போயிருக்கும்.

கதாநாயகன் சில்வெஸ்டர் கொட்மயர் என்னும் சிறுவன். பேஸ்போலில் கொள்ளை ஆசை, ஆனால் கையில் திறமை இல்லை. அணியில் சேராமலே இருந்துவிடலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறான். அப்போது ஜோர்ஜ் பாரூத் என்று ஒரு மனிதர் அவனிடம் வந்து பேசுகிறார், பழக்குகிறார். அதன்பின் சில்வெஸ்டர் அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஹோம் ரன்தான். கூட்டம் சேர்கிறது. பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆனால் அந்த மனிதரோ அவனைத் தவிர வேறு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற வீரர் பேப் ரூத்தின் நினைவு வந்துவிடும்.

மறைந்து தோன்றும் மனிதர் என்பதெல்லாம் கற்பனை. நமது பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும் தாய், திறமையைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே, ஆவியும் பேயும் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். என்றாலும் கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஊர் முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இது எங்கிருந்து வந்தது, நாளைக்கும் இருக்குமா என்ற கேள்வியைத் தன்னந்தனியாகச் சுமப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பாரம்! கைதட்டுபவர்கள் எவருக்கும் அந்தப் பாரம் தெரிவதில்லை.

இதே ஆசிரியர் 1954இல் எழுதிய முதல் சிறுவர் நாவல் ஓர் 'அதிர்ஷ்ட மட்டை' பற்றியது. அந்த மட்டை கையில் இருந்தால்தான் தன்னால் அடிக்க முடியும் என்று நம்பும் பையன், அது கைவிட்டுப் போனதும் கலங்கிப்போகிறான். திறமை மட்டையில் இல்லை என்பதை அவன் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறான். கையில் கயிறு கட்டிக்கொண்டும், 'இந்தச் சட்டை போட்டால்தான் வெல்லலாம்' என்று சொல்லிக்கொண்டும் மைதானத்துக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். ஈமானைப் பற்றிய பாடத்தை இப்படியான ஒரு கதையிலிருந்து தொடங்குவது உபதேசத்திலிருந்து தொடங்குவதைவிட எளிது.

பேப் ரூத்தைக் கண்டெடுத்தவர்

கதையைவிட்டு நிஜத்துக்கு வருவோம். பேப் ரூத் 1895இல் பால்டிமோர் நகரில் பிறந்தார். மதுக்கடை நடத்திய குடும்பம். பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை. துறைமுகத் தெருக்களில் சுற்றித் திரிந்த அவரை அடக்க முடியாத பிள்ளை என்று சொல்லி, 1902இல், அவருக்கு 7 வயதானபோது, கிறிஸ்தவத் துறவிகள் நடத்திய விடுதிப் பாடசாலையொன்றில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சட்டை தைக்கும் தொழிலையும் கற்றார்.

அந்த விடுதியில் மத்தியாஸ் என்றொரு ஆசிரியர் இருந்தார். ஓங்கி வளர்ந்த உருவம், ஆனால் பேச்சில் அமைதி. மாலை வேளைகளில் பந்தை எடுத்து அடித்துக் காட்டுவார். பையனோடு நேரம் செலவிட்டார், திருத்தினார், பொறுமையாகப் பழக்கினார். பிற்காலத்தில் 714 ஹோம் ரன்களை அடித்து, 1974வரை எவராலும் முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்த ரூத், தாம் கண்ட மனிதர்களிலேயே மிகப் பெரியவர் அந்த ஆசிரியர்தான் என்று நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ரூத்தின் வாழ்க்கை முழுவதும் நமக்கு முன்மாதிரி அல்ல. புகழும் பணமும் வந்தபின் குடியும் கட்டுப்பாடற்ற வாழ்வும் அவரைப் பற்றிக்கொண்டன. ஆயினும் 7 வயதில் 'உருப்படாது' என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பிள்ளைக்கு நேரம் கொடுக்க ஒரு பெரியவர் முன்வந்ததால் என்ன நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அடங்காத பிள்ளை என்று நாம் அலுத்துக்கொள்ளும் பிள்ளையின் கைகளில் என்ன இருக்கிறதென்று யாரறிவார்?

அநாதைச் சிறுவனின் 628 ஓட்டங்கள்

கிரிக்கெட்டிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. 1899 ஜூன் மாதம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள கிளிஃப்டன் கல்லூரியில் இளைய மாணவர்களுக்கான விடுதிப் போட்டியொன்று நடந்தது. ஏ.ஈ.ஜே. கொலின்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன் பல நாட்களாகப் பிற்பகல்தோறும் அடித்துக்கொண்டே இருந்தான். ஆட்டமிழக்காமல் அவன் எடுத்த ஓட்டங்கள் 628! செய்தி நாடெங்கும் பரவியது.

இந்தியாவின் ஹஸாரிபாக்கில் பிறந்த அந்தச் சிறுவன் அப்போதே தாயையும் தந்தையையும் இழந்திருந்தான். அந்தப் பெரிய ஓட்டக் கணக்கைக் கொண்டுபோய்ச் சொல்லி மகிழ அவனுக்கு வீட்டில் உம்மாவுமில்லை, வாப்பாவுமில்லை. வளர்ந்தபின் அவன் உயர்மட்டக் கிரிக்கெட் பக்கம் போகவில்லை. இராணுவத்தில் சேர்ந்தான். 1914 நவம்பரில், முதலாம் உலகப் போரில், 29ஆவது வயதில் கொல்லப்பட்டான்.

வன்னித் தாய்மாருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஓடியாடி விளையாடிய பிள்ளையைப் போர் எப்படிக் கொண்டுபோகும் என்பது அவர்கள் அறியாததா?

1009 ஓட்டங்களும் அதற்குப் பின்னும்

கொலின்ஸின் சாதனை 116 ஆண்டுகளுக்குப் பிறகே முறியடிக்கப்பட்டது. 2016 ஜனவரி 4, 5 ஆகிய தினங்களில் மும்பைக்கு அருகே உள்ள கல்யாண் நகரில் பிரணவ் தனவாடே என்ற 15 வயது மாணவர், பாடசாலைகளுக்கு இடையிலான போட்டியொன்றில் ஆட்டமிழக்காமல் 1009 ஓட்டங்களை எடுத்தார். 59 சிக்ஸர்கள், 129 பவுண்டரிகள். அவருடைய அணி 3 விக்கெட்டுகளுக்கு 1465 ஓட்டங்கள். தந்தையோ ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

ஒரே நாளில் உலகெங்கும் அந்தப் பெயர் பேசப்பட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டை மொய்த்தார்கள். நட்சத்திர வீரர்கள் வாழ்த்தினார்கள். மும்பைக் கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் வீதம் உதவித்தொகை அறிவித்தது. எதிரணியில் ஆடியவர்கள் அனுபவமற்ற சின்னப் பிள்ளைகள் என்றும் மைதானம் சிறியது என்றும் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். எப்படியிருந்தாலும் ஆயிரம் ஓட்டங்கள் எடுத்த பிள்ளை அடுத்த முறை இருபது ஓட்டங்கள் எடுத்தால் அதைத் தோல்வி என்றே உலகம் சொல்லும். அப்படித்தான் நடந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவரால் ஆட முடியாமல் போனது. 2017இன் இறுதியில், மகனின் ஆட்டம் தளர்ந்திருக்கும்போது அந்தப் பணத்தை வாங்குவது முறையல்ல என்று கருதி, உதவித்தொகையை நிறுத்திவிடுமாறு தந்தையே சங்கத்துக்கு எழுதினார்.

அன்றாடம் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஒரு தந்தைக்கு மாதம் 10,000 ரூபாய் சின்னத் தொகையல்ல. மகனின் திறமையைக் காட்டிப் பணம் வாங்குவதில் அவருடைய மனம் ஒப்பவில்லை. இதனை நாம் மரியாதையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதேவேளை, 15 வயதுப் பிள்ளையை ஒரே இரவில் வானத்துக்குத் தூக்கிவிட்டு, மறுவருடமே 'என்ன ஆயிற்று இவனுக்கு?' என்று கேட்ட உலகத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அந்த உலகத்தின் சின்ன வடிவங்கள்தாம் நமது ஊர்ச் சந்தியும் கல்யாண வீடும் வாட்ஸ்அப் குழுவும்.

தோற்காத ஒட்டகம் தோற்றபோது

நபி (ஸல்) அவர்களிடம் 'அள்பா' என்றொரு ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதனை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். முஸ்லிம்களுக்குப் பெரும் மனவருத்தம். அவர்களின் முகங்களில் அதைக் கண்ட நபியவர்கள், உலகில் உயரும் எதனையும் ஒருநாள் தாழ்த்தியே தீருவது அல்லாஹ் தன்மீது விதித்துக்கொண்ட நியதி என்ற கருத்தை எடுத்துச் சொன்னார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஓட்டப் போட்டியை நபியவர்கள் வெறுக்கவில்லை. அவர்களுடைய சொந்த ஒட்டகமே போட்டியில் ஓடியது. இரண்டாவது, தோற்றபோது ஒட்டகத்தையும் குறைகூறவில்லை, வென்றவரையும் குறைகூறவில்லை. உயர்வும் தாழ்வும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் காட்டி, கவலைப்பட்ட உள்ளங்களைத் தேற்றினார்கள்.

நமது பிள்ளை வெற்றிமேல் வெற்றி பெறும் காலத்திலேயே இந்தச் சம்பவத்தை அவனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தோற்ற அன்று சொன்னால் அது ஆறுதல் மட்டுமே. வெல்லும்போது சொன்னால் அது கல்வி.

ஒருவரை அவருடைய முகத்துக்கு நேரே மிகையாகப் புகழ்வதையும் நபியவர்கள் கழுத்தை அறுப்பதற்கு ஒப்பிட்டு எச்சரித்தார்கள். பிள்ளைகளைப் பாராட்டவே கூடாது என்பது இதன் பொருளல்ல. "மாஷா அல்லாஹ், இண்டைக்கு நல்லாப் பாடுபட்டாய் மகன்" என்பது பாராட்டு. "உன்னைப் போல ஒருத்தனும் இல்லை" என்பது கத்தி.

மூன்று போட்டிகள், ஒரே ஓர் ஓட்டம்

உயர்ந்தவர் தாழ்வது மட்டுமல்ல, தாழ்ந்தவர் எழுவதும் நமது நாட்டிலேயே நடந்திருக்கிறது. மாவன் அத்தபத்து 1990 நவம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தமது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். 1992இல் மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. பூச்சியம், ஒன்று. 1994இல் மறுபடியும் இரண்டு பூச்சியங்கள். மூன்று டெஸ்ட் போட்டிகளில் மொத்தம் ஓர் ஓட்டம்! அதன்பின் 1997வரை அணியில் இடமில்லை.

வேறொருவராக இருந்தால் பொல்லைத் தூக்கி எறிந்திருப்பார். அவர் பயிற்சியை விடவில்லை. பின்னர் இலங்கை அணியின் தலைவரானார். டெஸ்ட் போட்டிகளில் 5,502 ஓட்டங்களைக் குவித்தார். அவற்றில் ஆறு இரட்டைச் சதங்கள் அடங்கும். இயற்கையாகவே கைவந்த பிள்ளைக்கு இந்தப் பொறுமைதான் மிகவும் கடினம். எல்லாம் இலேசாக வந்த காரணத்தால், வராத நாளில் என்ன செய்வதென்று அவன் பழகியிருப்பதில்லை. அதைப் பழக்குவது வீட்டின் வேலை.

வன்னிப் பிள்ளைகளின் கூடுதல் சுமை

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவிலிருந்து கையில் எடுத்ததோடு புறப்பட்ட நமது குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னியின் தமிழ்க் குடும்பங்கள், ஏறத்தாழ 3 இலட்சம் பேர், செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். அவர்களும் படிப்படியாக ஊர் திரும்பினார்கள். நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று போன்ற இடங்களுக்கு நம்மவர்களிலும் ஒரு பகுதியினர் மீண்டு வந்தார்கள்.

இவ்வளவையும் இழந்து மீண்ட வீடுகளில் பிறந்த பிள்ளைகள்தாம் இன்று மைதானத்தில் நிற்பவர்கள். காணியை இழந்த மூத்தம்மா, கடையை இழந்த அப்பா, படிப்பை இழந்த வாப்பா என்று எல்லோருடைய நிறைவேறாத ஆசைகளும் அந்தப் பிள்ளையின் தோளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. திறமையுள்ள பிள்ளையென்றால் இன்னும் அதிகம். "நீதான் எங்கட குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேணும்" என்று அன்போடுதான் சொல்கிறோம். கேட்கும் பிள்ளைக்கோ அடிக்கும் ஒவ்வொரு பந்தும் பரீட்சையாகிவிடுகிறது. விளையாட்டு விளையாட்டாக இருப்பது அன்றோடு நின்றுவிடுகிறது.

நாம் இழந்தவற்றுக்கு அல்லாஹ்விடம் கூலி கேட்போம். பிள்ளையிடம் கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைதானத்தில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அணியில் நிற்கும்போது, ஒருவன் அடித்த அடியில் மற்றவன் ஓடிச் சுற்றை முடிக்கிறான். எல்லேயின் அமைப்பே அப்படித்தான். நடுவில் தரித்து நிற்பவர் அடுத்தவரின் அடியை நம்பித்தான் வீடு சேர முடியும். பெரியவர்கள் மேடைகளில் பேசிப் பேசிக் களைக்கும் ஒற்றுமையை இந்தப் பிள்ளைகள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பழகிவிடுகிறார்கள்.

பெண் பிள்ளையென்றால்?

பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்கும் எல்லே அணிகள் உண்டு. அங்கே ஓங்கி அடிப்பவள் நமது மகளாக இருந்தால் பெரும்பாலும் வீட்டில் பேச்சே எழுவதில்லை. "பெரிய புள்ளையாகிட்டாள், இனி என்ன விளையாட்டு" என்பதோடு முடிந்துவிடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு பயணமொன்றில் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், முதல் முறை அன்னையவர்களே வென்றார்கள், பின்னொரு முறை நபியவர்கள் வென்று அதற்கு இது சரியாகிவிட்டது என்று மகிழ்வோடு சொன்னார்கள் என்பது அபூதாவூதில் வரும் செய்தி. பெண்ணின் உடலுக்கும் ஓட்டமும் உற்சாகமும் தேவை என்பதை நமது மார்க்கம் மறுக்கவில்லை. ஆடை, இடம், நேரம், யார் முன்னிலையில் என்ற வரம்புகள் உண்டு. அவற்றைப் பேணுவதற்கு வழி தேடுவது பெற்றோரின் கடமை. முழுக்கை, முழுக்கால் உடையோடும் ஹிஜாபோடும் ஆடலாம். பெண் ஆசிரியையின் பொறுப்பில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும்படி அதிபரிடம் பேசலாம். வழி தேடாமலே கதவை அடைப்பதுதான் எளிது. ஆனால் அமானிதத்தைப் பற்றி நாளை நம்மிடம் கேட்கப்படும்போது, மகனைப் பற்றி மட்டுமா கேட்கப்படும்?

2024 ஜூலையில் தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் சமரி அத்தபத்துவின் தலைமையில் இலங்கைப் பெண்கள் இந்திய அணியைத் தோற்கடித்தார்கள். அவர் அன்று எடுத்தது 61 ஓட்டங்கள். நமது மகள்மாரும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அவர்களுடைய மனதில் எழுந்த கேள்விக்கு அன்பான ஒரு பதிலாவது நம்மிடம் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

தாய்மாருக்குச் சில யோசனைகள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இண்டைக்கு எத்தனை ஓட்டம்?" என்று தொடங்காதீர்கள். "விளையாட்டு எப்படி மகன்?" என்று கேளுங்கள். ஓட்டக் கணக்கு முக்கியமென்றால் அவனே சொல்வான். சொல்லாத நாளில் அவனுக்குத் தேவைப்படுவது ஒரு கோப்பை தேநீரும் உங்கள் அருகில் கொஞ்ச நேரமும்தான்.

தொழுகை நேரத்தை விளையாட்டு விழுங்கிவிடாமல் பழக்குங்கள். மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் பொல்லை வைத்துவிட்டு வரப் பழகிய பிள்ளைக்கு, புகழ் வந்த காலத்திலும் எதை எப்போது வைத்துவிட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

படிப்பை விட்டுவிட இடம் கொடுக்காதீர்கள். படிப்பைக் காட்டி விளையாட்டை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் பயிற்சி நேரத்தைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்தினால் பிள்ளையின் மனம் புத்தகத்தில் இருக்காது, மைதானத்திலேயே நிற்கும்.

தோள் நோகிறது, முழங்கை நோகிறது என்று பிள்ளை சொன்னால் 'சாட்டு' என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போலை நடத்தும் 'லிட்டில் லீக்' அமைப்பு, 2007 முதல் எறியும் பந்துகளுக்கு அளவு வைத்திருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 எறிகளுக்கு மேல் எறியக் கூடாது என்பது விதி. வளரும் எலும்புக்கும் தசைக்கும் ஓய்வு வேண்டும். வன்னி வெயிலில் விளையாடும் பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தனுப்ப மறவாதீர்கள்.

ஒரு பிள்ளைக்குத் திறமை இருக்கும் வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் கவனியுங்கள். தம்பி பந்தடிக்கிறான் என்பதற்காக ராத்தாவின் ஓவியக் கொப்பி மூலையில் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அல்லாஹ் எதையோ கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறான். சிலருடையது சத்தம் போட்டு வரும். சிலருடையது தேடினால்தான் தெரியும்.

கடைசியாக, பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். விளையாட்டை விரும்பும் பிள்ளை புத்தகத்தை விரும்பாது என்று முடிவுகட்ட வேண்டாம். பாடப் புத்தகத்தைக் கண்டு ஓடும் பிள்ளையும் பந்தடிக்கும் பையனின் கதையென்றால் பக்கத்தில் வந்து உட்காருவான். ஹோம் ரன் மட்டுமே அடித்த சில்வெஸ்டரைச் சொல்லுங்கள். 628 எடுத்த அநாதைச் சிறுவனைச் சொல்லுங்கள். உதவித்தொகையைத் திருப்பிய ஆட்டோக்காரத் தந்தையைச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்காத ஒட்டகம் தோற்ற நாளில் நபியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

வேலியைத் தாண்டி அடிக்கும் பிள்ளையை ஊர் கொண்டாடும். மூன்று வாய்ப்பிலும் பந்தைத் தவறவிட்டுத் தலைகுனிந்து வரும் அதே பிள்ளைக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கும். அது நமது வீட்டு வாசல். அதைத் திறந்தே வைத்திருக்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!